இடப்பக்கத்துத் தொட்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் கிடைத்தது. நானாகத் தேடிப் போகவில்லை. நான் தேடிப் போனது வாடகைக்கு ஒரு வீடு. கூட என் கணவரும் வந்திருந்தார். மூன்று மாடி ஏறிய களைப்பில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வீடு காட்ட வந்த தரகரம்மா சாவியைக் கையில் எடுத்தார். ஆனால் பூட்டில் போடவில்லை. எங்கள் பக்கம் திரும்பி நின்றார்.

“உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். பக்கத்து பில்டிங் மொட்டைமாடில செல்போன் டவர் இருக்கு. பாத்தா தெரியாது. தண்ணித் தொட்டி மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க.”

“சரி, அத ஏன் வெளியவே நின்னு சொல்றீங்க? உள்ள போய்ப் பேசலாமே?” என்று கேட்டேன்.

அந்தக் கேள்வியை நான் கேட்காமல் இருந்திருந்தால் கதை இல்லை. அவர் படியில் உட்கார்ந்து, எங்களையும் உட்காரச் சொல்லி, முக்கால் மணி நேரம் பேசினார். கேட்டதை அப்படியே எழுதிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு மாதம் ஓடிவிட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: “நகரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத அலைகள் பாய்ந்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில்...” அடித்துவிட்டேன். சாயங்காலம் மட்டும் பாயாமல் இருக்குமா?

அடுத்தது: “பொய் சொல்லியே பிழைக்கும் தரகர் கூட்டத்தில் ஒருத்தியான அவள்...” இதையும் அடித்தேன். இது பொய். அதோடு, எழுத மிகவும் சுலபமாக இருந்தது. சுலபமாக வரும் வாக்கியத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று இந்த வயதில்தான் புரிகிறது.

(தரகர்களை வைத்து முன்பு இரண்டு கதை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் தரகர்தான் வில்லன். அப்போது நான் சொந்த வீட்டில் இருந்தேன்.)

எல்லோரும் அவரைச் சாவியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஐம்பத்து நான்கு வயது. கழுத்தில் மாட்டிய நீளப் பையில் சாவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கலர் துணி நாடா. எந்த நிறம் எந்த வீடு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்தவர் இன்னமும் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறார். ஒரு குடும்பம் படியேறுவதைப் பார்த்தே இவர்களுக்கு எந்த வீடு படியும் என்று சொல்லிவிடுவார். மாமியாரோடு வருகிறவர்களைச் சமையலறைக்கு முதலில் கூட்டிப் போக மாட்டார். “அங்கயே சண்டை ஆரம்பிச்சிடும். மத்த ரூமெல்லாம் பாக்க ஆளிருக்காது.” ஓதம் பிடித்த சுவரைத் தானே தட்டிக் காட்டுவார். மத்தியானம் தண்ணீர் வராத குழாயைத் தானே திறந்து காட்டுவார்.

ஆகவே இந்தக் கதைக்கு வில்லி வேண்டுமென்றால் வேறு இடத்தில்தான் தேட வேண்டும். நான் தேடிப் பார்த்தேன். பின்னால் சொல்கிறேன்.

3

நாங்கள் பார்க்கப் போன வீடு, டவர் வந்த சமயத்தில், ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியருடையது. அவர் மகனோடு வேறு ஊரில் இருந்தார். வீட்டை விற்கச் சொல்லிச் சாவியைச் சாவியக்காவிடம் கொடுத்திருந்தார். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் பெரிய கட்டடம், அதன் மொட்டைமாடி, மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி.

ஒருநாள் வீட்டைக் கூட்டித் துடைக்க ஆள் வைத்துவிட்டுச் சாவியக்கா அந்த ஜன்னலில் நின்றிருந்தார். எதிரே கிரேன் வந்து நின்றது. இரும்புச் சட்டம் ஏறியது. நீள நீளமாக வெள்ளைப் பெட்டிகள் ஏறின. கறுப்பு ஒயர்கள் ஏறின. கடைசியில் அத்தனையையும் மூடி, ஏற்கெனவே இருந்த தொட்டிக்கு இரட்டைப்பிள்ளை மாதிரி, இடப்பக்கம் இன்னொரு தொட்டி எழுந்தது. உள்ளே தண்ணீர் இல்லை, வெறும் கூடு. பெயிண்ட் அடிக்கிறவர் தூரிகையை எடுத்து அடிப்பாகத்தில் பாசிக்கறைகூட வரைந்தார்.

“சும்மா சொல்லக் கூடாதும்மா, அப்படியொரு கைவேலை,” என்றார் சாவியக்கா. “நாள் பூரா வாயப் பொளந்துட்டுப் பாத்தேன்.”

அதே வருஷம்தான் நகர அலுவலகம் புதிதாக ஒரு படிவம் கொண்டுவந்தது. வீட்டை விற்கிறவரும் வாடகைக்கு விடுகிறவரும் நிரப்பித் தர வேண்டும். முப்பத்தோரு கேள்விகள். கரையான் உண்டா, ஓதம் உண்டா, அண்டைவீட்டோடு வழக்கு உண்டா. கடைசிக் கேள்வி: அருகில் கைபேசி அலைக் கோபுரம் உண்டா? எதிரே மூன்று கட்டங்கள். உண்டு. இல்லை. தெரியாது.

முதலில் வந்த மூன்று குடும்பத்துக்கும் சாவியக்கா ‘உண்டு’ என்றுதான் சொன்னார். முதல் குடும்பம் படியிலேயே திரும்பிவிட்டது. இரண்டாவது குடும்பம் யோசித்துச் சொல்வதாகப் போனது, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது குடும்பத்துத் தலைவர் படுக்கையறையில் நின்றபடி இருபது நிமிஷம் யாருடனோ ஃபோனில் பேசினார். “சிக்னல் பிரமாதமா இருக்கு,” என்று பாராட்டிவிட்டு, வீடு வேண்டாமென்று இறங்கிப் போனார்.

தலைமையாசிரியர் ஃபோனில் சத்தம் போட்டார். “உங்கள வீட்ட விக்கச் சொன்னேனா, வர்றவங்களப் பயமுறுத்தச் சொன்னேனா? கண்ணுக்குத் தெரியாத ஒண்ண நீங்க எதுக்கு விரல நீட்டிக் காட்டறீங்க? எனக்கு அதப் பத்தி எதுவும் தெரியாது. அப்படியே எழுதிக் குடுங்க.”

அடுத்த படிவத்தில் சாவியக்கா மூன்றாவது கட்டத்தில் குறியிட்டார்.

இந்த இடத்தில் ‘தெரியாது’ என்கிற சொல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அது எத்தனை சொகுசான சொல், எந்தக் கோர்ட்டிலும் அதைப் பொய் என்று நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம், ஒரு... (போதும். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டபோது அவர் சொன்னது மூன்றே சொல்: “கை போயிடுச்சும்மா, அவ்ளோதான்.”)

4

பிறகு அந்தத் தம்பதி வந்தார்கள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். படியேறும்போதே “இங்க லிஃப்ட் இல்லாதது நல்லதுக்கா, வீட்டுலயும் எனக்கு வேலை வெச்சிராதீங்க,” என்று சிரித்தவர். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அப்போது நாலு மாதம். அதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. அதைச் சாவியக்காவிடம் அவரே சொன்னார், சுற்றி வளைக்காமல், மருந்தின் பெயரைச் சொல்வது மாதிரி.

வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. கணவர் தொட்டில் எங்கே மாட்டலாம் என்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி ஜன்னலோரம் நின்று படிவத்தை முதல் கேள்வியிலிருந்து படித்துக்கொண்டே வந்தார்.

“அக்கா, இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெரியாதுன்னு போட்டிருக்கே. ஓனருக்குத் தெரியாதா, உங்களுக்கும் தெரியாதா?”

“இவ மாத்திரை அட்டைப் பின்னாடி இருக்கற பொடி எழுத்தக்கூட விடமாட்டாக்கா,” என்றார் கணவர்.

“பயமெல்லாம் இல்லக்கா. அதால ஒண்ணும் ஆகாதுன்னுதான் நானும் படிச்சிருக்கேன். இருந்தா இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்.”

“இந்தப் பக்கம் டவர் ஏதும்மா?” என்றார் சாவியக்கா.

மருந்துக்கடைப் பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “அது?”

“அது தண்ணித் தொட்டி. பெரிய பில்டிங் இல்லையா, ரெண்டு வேண்டியிருக்கும்.”

படியில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது சாவியக்கா கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “தண்ணித் தொட்டின்னதோட நிறுத்தியிருக்கலாம். பில்டிங் பெரிசு, ரெண்டு வேணும்னு நானா சேத்தேன் பாருங்க. அத யாரும் கேக்கல.”

5

இரண்டாவது பிரதியில் நான் ஒரு காரியம் செய்தேன். குழந்தைக்கு நோய் வரவைத்தேன். ஆறு பக்கம். ஆஸ்பத்திரி வராந்தா, ரத்தப் பரிசோதனை, தாயின் வெறித்த பார்வை. என் கணவர் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பிரமாதம்,” என்றார்.

மறுநாள் காலையில் ஆறு பக்கத்தையும் கிழித்தேன். நிஜத்தில் அவர்கள் வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். கொழுகொழுவென்று. இன்றுவரை ஜலதோஷம் தவிர ஒன்றும் வந்ததில்லை. அந்தக் கோபுரம் உடம்பை என்ன செய்யும் என்று நான் இரண்டு மருத்துவரிடம் விசாரித்தேன். அத்தனை தூரத்தில், அந்த அளவில், கெடுதல் என்று நிரூபணமாகவில்லை என்றார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. (இது நிஜமான தெரியாது.)

நோய் வந்தால்தான் சொல்லாமல் விட்டது தப்பு என்று என் ஆறு பக்கமும் வாசகருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். நடந்தது வேறு.

குழந்தைக்கு எட்டு மாதம். பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று மெக்கானிக்குக்கு அழைப்பு வந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை, சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். லிஃப்டின் மோட்டார் அறை மொட்டைமாடியில். காவலாளி பூட்டைத் திறந்துவிட்டார்.

இருபது வருஷமாக மொட்டைமாடிகளிலேயே வேலை பார்க்கிற மனுஷர். தொட்டி என்றால் ஏறும் குழாய் ஒன்று, இறங்கும் குழாய் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் கண்ணுக்கே தெரியும். இடப்பக்கத்துத் தொட்டிக்கு இரண்டும் இல்லை. பக்கத்தில் போனார். விரலை மடக்கித் தட்டினார். டப்பா மாதிரிச் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு சின்னக் கதவு, அதில் பூட்டு, கட்டைவிரல் தடிமனுக்குக் கறுப்பு ஒயர்கள், யாரும் கிட்டே வரக் கூடாது என்று ஒரு மஞ்சள் தகடு.

“இது எப்ப வெச்சது?”

“ஆச்சு சார், ரெண்டு வருஷம்,” என்றார் காவலாளி. “நம்ம சாவியக்கா இருக்காங்கல்ல, அந்த ஜன்னல்ல நின்னு பூரா நாளும் வேடிக்கை பாத்தாங்க.”

காவலாளி கைகாட்டிய ஜன்னல் அவருடைய படுக்கையறை ஜன்னல். கம்பியில் குழந்தையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. மனைவி கிளிப்பை உதட்டில் கவ்விக்கொண்டு இன்னொரு சட்டையை உதறிக்கொண்டிருந்தார். கணவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையசைத்தார். இவரும் தொட்டியில் ஒரு கையை வைத்தபடியே மறு கையை அசைத்தார்.

(இந்தக் கையசைப்பு நான் சேர்த்ததில்லை. நடந்தது. நான் சேர்த்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.)

முதலில் லிஃப்டைச் சரிசெய்தார். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. நாலாம் நாள் சொன்னபோது மனைவி தொட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “நீங்களும் மூணு நாளா?” என்று மட்டும் கேட்டார்.

வில்லி தேடிய கதையைப் பின்னால் சொல்கிறேன் என்றேனே, இங்கேதான் தேடலை விட்டேன். கட்டடத்து நிர்வாகம், தலைமையாசிரியர், பாசிக்கறை வரைந்தவர், சாவியக்கா, கடைசியில் இந்த நல்ல மனுஷர். ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

6

அன்றிலிருந்து அந்த வீடு பாதியாகிவிட்டது. கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டார்கள். தொட்டில் சமையலறை வாசலுக்கு வந்தது. படுக்கையறையில் அட்டைப்பெட்டிகளும் உடைந்த மின்விசிறியும் குடியேறின. ஆள் கூட்டி வந்து கருவி வைத்து அளந்தார்கள். அளவு அனுமதிக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் வந்தது. கணவர் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். மனைவி எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைப் பெண் சாவியக்காவின் ஒற்றை அறைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துச் சாவியக்கா எழுந்து நின்றார். ஒரு வகையில் அதற்காகக் காத்திருந்தார்.

“உக்காருங்கக்கா,” என்றார் வந்தவர். “நீங்க இருக்குன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா? டாக்டர்கிட்டக் கேட்டிருப்பேன். நாலு புஸ்தகம் படிச்சிருப்பேன். அப்புறம் அநேகமா வாங்கியிருப்பேன்.”

சாவியக்கா உட்கார்ந்தார்.

“அளந்து பாத்துட்டோம். ஒண்ணுமில்லைன்னு காகிதம் குடுத்திருக்காங்க. அத நம்பலாம்னு எனக்கும் தெரியுது. ஆனா தொட்டின்னு நீங்க சொன்னதையும் நம்பினேனே. இப்பக் குழந்த ராத்திரி கொஞ்சம் அழுதாக்கூட எனக்கு உங்க முகம்தான் ஞாபகம் வருது. அந்த ரூம்ல என்னால படுக்க முடியல.”

“நான்...” என்றார் சாவியக்கா.

“வேணாம்க்கா. நாங்க அவரோட அக்கா வீட்டுப் பக்கம் போறோம். இந்தாங்க.” இடுப்புக் குழந்தை பிடித்து வாயில் வைக்கப் பார்த்த சாவியை வாங்கி மேஜை மேல் வைத்தார். “வாடகைக்கு விடணும். வேற யாருகிட்டயும் குடுக்க மாட்டேன். வர்றவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும். படிவத்துல மட்டும் இல்ல, வாயால. கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி.”

“முன்னாடியேவா?”

“உள்ள போனா வீடு பிடிச்சுப் போயிடும். எங்களுக்குப் பிடிச்ச மாதிரி. பிடிச்சப்புறம் சொல்றது சொல்றதுல சேராது.”

அவர் போன பிறகு சாவியக்கா அந்தச் சாவிக்குக் கட்ட ஒரு நாடா தேடினார். எந்த நிறமும் சரியாகப் படவில்லை. இப்போதும் அது வெறும் சாவியாகத்தான் பைக்குள் கிடக்கிறது.

ஒன்றரை வருஷமாகக் கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பத்தொன்பது குடும்பம் கேட்டுவிட்டு இறங்கிப் போயிருக்கிறது. இருபதாவது நாங்கள்.

7

சாவியக்கா சொல்லி முடித்ததும் நாங்கள் உள்ளே போய் வீட்டைப் பார்த்தோம். நல்ல வீடு. படுக்கையறையில் காலை வெயில் சுவரின் பாதிவரை ஏறியிருந்தது. என் மேஜையை அங்கே போட்டுப் பார்த்தேன், மனசுக்குள். கீழே இறங்கும்போது சாவியக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “உங்கள மாதிரி இப்படி வெளிப்படையா யாரு சொல்றாங்க இந்தக் காலத்துல,” என்றேன். உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தேன்.

தெருமுனை திரும்பியதும் என் கணவர் சொன்னார்: “கதைய நீ எடுத்துக்கோ. வீடு வேணாம்.”

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இதைத்தான் நாலு மாதமாக எழுத முடியாமல் தவித்தேன். அலைகள், படிவம், ‘தெரியாது’ என்கிற சொல் என்று எதையெதையோ எழுதிக் காலம் தள்ளினேன்.

மறுநாள் சாவியக்காவுக்கு ஃபோன் செய்தேன். “வீடு ரொம்பப் பிடிச்சதுக்கா. இவருக்கு ஆபீஸ்தான் தூரமாப் போயிடுது,” என்றேன்.

“தூரமா இருந்தா கஷ்டம்தான்மா,” என்றார் அவர். என் கணவரின் ஆபீஸ் எங்கே என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டவர். அந்த வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

அப்புறம் வேறொரு தரகர் வழியாக வேறொரு வீடு எடுத்தோம். படிவம் வந்தது. கடைசிக் கேள்விக்கு மூன்றாவது கட்டத்தில் குறியிட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். மொட்டைமாடிச் சாவி கீழ்வீட்டில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். இதுவரை கேட்கவில்லை.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கதாசிரியர் மனம் மாறி, அந்த வீட்டையே எடுத்துக்கொள்கிறார். படிக்க இதமாக இருந்தது. செய்யாததைச் செய்ததாக எழுதிக்கொள்ள எனக்குக் கை கூசியது.

இன்னொன்று: இருபத்தோராவது குடும்பம் வருகிறது, சாவியக்கா அலுத்துப்போய், சும்மா கதவைத் திறந்துவிடுகிறார். இதை எழுதும்போது பாதியில்... (இல்லை. சொன்னவரை விட்டுவிட்டு ஓடியவள் நான். அவர் சொல்லாமல் விடுவதாக எழுத எனக்கு என்ன யோக்கியதை?)

கடைசியாக, மருந்துக்கடைப் பெண் ஒருநாள் வந்து அவரை மன்னிக்கிறார். இதைப் பற்றிச் சாவியக்காவிடமே கேட்டேன். “கடைக்குப் போனா மருந்து குடுக்கும். எப்ப எப்பச் சாப்பிடணும்னு பொறுமையா சொல்லும். எப்படியிருக்கீங்கன்னு கேக்காது,” என்றார். “அது போதும்மா. அந்தப் பொண்ணு கையால வாங்கறதுக்காகவே ரெண்டு பஸ் மாறிப் போறேன்.”

8

போன வாரம் அவருக்கு மறுபடி ஃபோன் செய்தேன், இதை எழுதி வெளியிட அனுமதி கேட்க. ஆபீஸ் தூரம் என்று சொன்னது பொய் என்பதையும் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்மா,” என்றார். “டவர் வேணாம்னு நேராச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொல்லப்போறேன்?”

“சாரிக்கா.”

“விடுங்க. எழுதிக்கோங்க. நான் செஞ்சத மறைக்க வேணாம். ஆனா ஒண்ணு. வீடு இன்னும் காலியாத்தான் இருக்கு, அதையும் போட்டுடுங்க. படிக்கறவங்கள்ல யாருக்காச்சும் வேண்டியிருக்கும்.”

போடுகிறேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை. சமையலறை அலமாரியில் ஒரு கதவு சரியாக மூடாது. குளியலறைக் குழாயில் மத்தியானம் தண்ணீர் வராது. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் எதிர் மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள் தெரியும். இடப்பக்கம் இருப்பது தொட்டி இல்லை.

சொல்லிவிட்டேன். இதற்கு மேல் என்ன நடக்கிறது என்பது நீங்கள் எடுக்கும் முடிவு. எடுத்ததும் சாவியக்காவுக்கு ஃபோன் செய்யுங்கள். வேண்டுமென்றால் வேண்டுமென்று சொல்லுங்கள். வேண்டாமென்றால் ஏன் வேண்டாமென்று சொல்லுங்கள். ஆபீஸ் தூரம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.